இருபத்திநாலு குதிரை எவ்வளவு ஓடும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதறேன். நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருப்பீங்கன்னு நம்பிக்கிட்டே ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்க ரெண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குச் சண்டை போட்டு நடமாடிக்கிட்டு இருக்கோம், அந்த அளவுக்குச் சுகம். போன்ல சொல்லலாம்னா பாதியில உங்கப்பா வந்து பிடுங்கிப் பேசுவார், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்னுடும். அதான் கடிதம். உட்கார்ந்து எழுதறேன்னு பேருதான், இதுக்குள்ள ரெண்டு தடவை எழுந்து ஜன்னலைத் திறந்து மூடியாச்சு.

அப்பா வேலையிலேர்ந்து ஓய்வு வாங்கினதுலேர்ந்து வீட்டுல கால் தரிக்கலைன்னு உனக்குத் தெரியும். வாழ்நாள் பூரா அவர் ஓட்டின பஸ்ஸுக்கு அறுபதுக்கு மேல போகாதபடி பூட்டு போட்டு வச்சிருந்தாங்க, எவ்வளவு மிதிச்சாலும் அறுபதுதான். டாப் ஸ்பீடுன்னா என்னன்னே தெரியாம ரிட்டயர் ஆயிட்டேன்னு சொல்லிச் சொல்லியே அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிட்டு வந்து நிறுத்தினார். வித்தவன் இருபத்திநாலு குதிரை சக்தின்னு சொன்னானாம். முன்னாடி நம்மகிட்ட இருந்த வண்டி எட்டுக் குதிரை, அது தொண்ணூறு போச்சு, இது மூணு மடங்கு, அப்ப இருநூத்தி எழுபது போகணும்னு கணக்குப் போட்டு உனக்கு போன் பண்ணினாரே, அன்னிக்கு நான் பக்கத்துலதான் நின்னேன். அப்படி இல்லப்பா, வேகம் ஏற ஏறக் காத்து அதுக்கு மேல திருப்பித் தள்ளும், ரெண்டு மடங்கு வேகம் வேணும்னா எட்டு மடங்கு சக்தி வேணும், உங்க வண்டி நூத்தி முப்பதைத் தாண்டாதுன்னு நீ சொன்ன. ஏசிக்குக் குழாய் போடறவளுக்கு ரோட்டுக் காத்தைப் பத்தி என்ன தெரியும்னு அவர் போனை வச்சார். உங்க ரெண்டு பேருக்கும் அது வெறும் வழக்கு. எனக்கு இருநூத்தி எழுபதுங்கற நம்பர் காதுல விழுந்ததுலேர்ந்து சோறு இறங்கலை. ஏன்னா உன்கிட்டச் சொல்லாத ஒண்ணு எனக்குத் தெரியும்.

பதறாமப் படி. அதுக்கு முந்தின வாரம் கண் டாக்டர்கிட்டப் போயிருந்தோம். கண்ணாடி மாத்தத்தான் போனது. அந்தம்மா ஒரு மெஷின்ல தலையை வைக்கச் சொல்லி, புள்ளி தெரியறப்பல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னாங்க. முடிச்சுட்டு என்னை உள்ளே கூப்பிட்டாங்க. கண்ணுக்குள்ள அழுத்தம் கூடிப்போய் ரெண்டு கண்ணுலயும் பக்கப் பார்வை சுருங்குதாம், போனது திரும்பாதாம், இருக்கறதைக் காப்பாத்தலாமாம். இனிமே எந்த வண்டியும் ஓட்ட வேண்டாம்னுட்டாங்க. உங்கப்பா சரிங்கன்னு நல்ல பிள்ளையாத் தலையாட்டிட்டு வெளியே வந்து, அந்த மெஷின் பழசு, பட்டன் சரியா அமுங்கலைன்னார். பொண்ணுகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னார். கடைசியா ஒரே ஒரு தடவை அந்த வண்டியோட வேகத்தைப் பார்த்துட்டு விட்டுடறேன்னார்.

நான் தையல் கடையில திரைச்சீலைக்கு ஓரம் அடிக்கிறப்பகூட வீட்டு வாசல்ல வண்டி கிளம்பற சத்தம் காதுல கேட்டுக்கிட்டே இருக்கும். ஊசி கோணலாப் போகும், பிரிச்சுத் திரும்ப அடிப்பேன். சாவியை ஒளிச்சு வச்சேன், தேடி எடுத்துட்டார். சண்டை போட்டேன், வண்டியைத் துடைக்கப் போயிட்டார். பொறுக்க முடியாம எதிர்க்கடை மெக்கானிக்கிட்டப் போனேன், அப்பா ‘கிரீசு’ன்னு கூப்பிடுவாரே அவர்கிட்ட. நீங்க தடுத்தா அண்ணன் சொல்லாமக் கொள்ளாம மெயின் ரோட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவார்க்கா, அதை விட மோத எதுவுமே இல்லாத இடத்துக்கு நாமளே கூட்டிட்டுப் போயிடலாம்னார். ஊருக்கு வெளியே விமானம் இறங்காத பழைய ஓடுதளம் இருக்கு, டிரைவிங் ஸ்கூல்காரங்க பழக்கற இடம். வேகத்தைப் பத்தியும் கேட்டேன். இன்ஜின் கிழடு, செயின் வேற கொஞ்சம் சக்தியைத் தின்னும், உங்க பொண்ணு சொன்னதுக்கும் கீழதான் நிக்கும்னார். நிமிர்ந்து உட்கார்ந்தா நெஞ்சு காத்துல விரிச்ச திரை மாதிரி இழுக்கும், அதோடதான் இன்ஜினுக்கு மல்லுக்கட்டுன்னு அவர் சொன்னப்பதான் உன் கணக்கு எனக்கு விளங்கிச்சு. காத்துல விரிஞ்ச திரையை ரெண்டு கையால இழுத்துப் பிடிச்சவ நான். இருநூத்தி எழுபது இல்லைன்னு ஒரு மூச்சு விட்டேன். பாதிக் கண்ணோட போறவருக்கு நூறு மட்டும் கம்மியான்னு அடுத்த மூச்சு நின்னுபோச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில போனோம். டயர் ரெண்டும் புதுசு மாட்டி, பிரேக்கை மறுபடி மறுபடி பார்த்து, வண்டி மீட்டர் பொய் சொல்லும்னு கிரீசு தன்னோட போனைக் கைப்பிடியில கட்டினார், எட்டின வேகத்தை அது காட்டுமாம். என்னைக் கொட்டகை நிழல்ல உட்காரச் சொன்னாங்க. எங்கே உட்கார? ஓடுதளத்து ஓரமா நடந்து பாதி தூரம் போய் நின்னுக்கிட்டேன், ஏதாவது ஆச்சுன்னா ஓட வசதியா. முதல் தடவை நிமிர்ந்து உட்கார்ந்து போனார். என்னைத் தாண்டறப்போ மெதுவா மெதுவான்னு ரெண்டு கையையும் ஆட்டினேன், திரும்பியே பார்க்கலை. நூத்தி ஒன்பதுக்கு மேல போன் காட்டலையாம். வந்து முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு, இந்தத் தடவை டேங்க் மேல நெஞ்சு படுற மாதிரி படுத்துக்கிட்டுப் போனார். மறுபடியும் கையை ஆட்டினேன், கத்தினேன்.

நூத்தி இருபத்தொண்ணு. கிரீசு கை தட்டினார். உங்கப்பா ஹெல்மெட்டைக் கழட்டலை. வண்டியை நிறுத்தி அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். நான் வந்து சேர்ந்தப்போ கிரீசுகிட்ட, நீ ஒரு ரவுண்டு போயிட்டு வா, ரெண்டு பக்கமும் என்ன தெரியுதுன்னு பார்த்துச் சொல்லுன்னார். அவர் போய்ட்டு வந்து, புல்லு பச்சைக் கோடு மாதிரி ஓடுது, கொட்டகை தெரியுது, பழைய தண்ணி டேங்க் தெரியுதுன்னு சொன்னார். அதோட விட்டிருக்கலாம். நீங்க போனப்போ அக்கா ஓரத்துல நின்னு கையை ஆட்டினாங்களே, பார்க்கலையாண்ணேன்னும் கேட்டுட்டார். உங்கப்பா என்னைப் பார்த்து, நீ எங்கே நின்னேன்னு கேட்டார். காட்டினேன். போகும்போதும் வரும்போதுமான்னார். ஆமான்னேன். வேகத்துல எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் அப்படித்தான் இருண்டு போகும்னு நினைச்சேன்னு சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

வண்டியைக் கிரீசு ஓட்டிட்டு வந்தார். நாங்க பஸ்ல வந்தோம். முன் சீட்டுல, டிரைவருக்குப் பின்னாடி. பாதி வழியில உங்கப்பா, உம் பொண்ணு கணக்குதான் சரி, குறைஞ்ச ஒன்பதுக்குக் கிழட்டு இன்ஜின்தான் பொறுப்புன்னார். மறுநாள் நான் கேக்காமலே சட்டையைப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். எது தெரியுது, எது தெரியலைன்னு டாக்டரம்மாகிட்ட மறைக்காமச் சொன்னார். இப்பச் சொட்டு மருந்து விடறேன், அடுத்த மாசம் ஆபரேஷன். வண்டியை என்ன பண்றதுன்னு தெரியலை. போர்த்தி வச்சிருக்கோம். நடுவுல போய்ப் போர்வையை விலக்கி, ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுட்டு, அணைச்சுட்டு வர்றார். ஒரு தடவை என்னை ஓட்டப் பழகிக்கச் சொல்றார், ஒரு தடவை வித்துடலாம்கறார். ரெண்டுக்கும் தலையாட்டறேன். அவருக்குத் தரிக்கலை, அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் தரிக்கலை.

நீ அழுதுக்கிட்டே போன் பண்ணாத. லீவு கிடைச்சா ஆபரேஷனுக்கு வா, கிடைக்கலைன்னா மனசு சங்கடப்படாத, கிரீசு இருக்கார். ஆனா இந்தக் கடிதத்தை எழுதினதே வேற ஒண்ணுக்காக. பெத்த பிள்ளைங்களுக்கும் இது வரலாமாம், வலி இருக்காதாம், பாதி போற வரைக்கும் ஆளுக்கே தெரியாதாம். டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லி அனுப்பினாங்க. உனக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரியுதுன்னு சொல்லுவ. அவரும் அதைத்தான் சொன்னார். இந்த வாரமே போய் அந்த மெஷின்ல தலையை வச்சுப் பார்த்துட்டு வா. என்ன சொன்னாலும் அப்படியே எனக்குச் சொல்லு, குறைச்சுச் சொல்லாத.

நீங்க ரெண்டு பேரும் நீண்ட ஆயுசோட நல்லா இருக்கணும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிற
அம்மா