பதினெட்டு நிமிடம்

இஞ்சாருங்கோ,

உங்களுக்குப் பிடித்த அந்த நாலு மணிநேரக் கௌபாய் படத்தை நேற்று இங்கே 'கேட்டி' என்ற தியேட்டரில் பகல் காட்சியாகப் போட்டார்கள். தனியாகப் போனேன். அன்று அதைக் குப்பை என்ற விமர்சகர்களே இன்று காவியம் என்கிறார்கள். அவர்கள் மனம் மாறுவதை நான் பெரிதாக எடுப்பதில்லை.

இருபது வருடத்துக்கு முன் நாங்கள் சேர்ந்து பார்த்தபோது, ஆற்றங்கரையில் குடியேறிகளைச் சுட்டுக் கொல்லும் காட்சியில் நான் எழும்பினேன். "இவ்வளவு நீட்ட வேணுமே? எல்லா விமர்சகரும் இதைத்தானே சொல்லுகினம்."

நீங்கள் திரையைப் பார்த்தபடியே, "எங்கட ஊரில இதைவிடக் கனநேரம் எடுத்தது," என்றீர்கள்.

நான் காரில் போய் இருந்தேன். அதன்பிறகு, ஊரில் அன்று செத்த உங்கள் தம்பியைப் பற்றி நீங்கள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பிரியும்போது எத்தனையோ காரணம் சொன்னோம், இதைத் தவிர.

நேற்று கடைசிவரை இருந்தேன். அந்தக் காட்சி பதினெட்டு நிமிடம்.

சித்தப்பா எப்படிச் செத்தார் என்று எங்கள் மகள் நிலக்சி போனில் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வருகிற திங்கட்கிழமை ஒப்பரேஷன் செய்து உங்கள் குரல்வளையை எடுக்கிறார்கள் என்றும் அவள்தான் சொன்னாள்.

அதற்கு முதல், சனிக்கிழமை நியூ ஜெர்சி வருகிறேன். எவ்வளவு நேரம் எடுத்தாலும் சொல்லுங்கோ. காருக்குப் போக மாட்டேன்.

உங்கள் மகளின் தாய்