ஆடிக்கு முன் ஒரு வீடு

8-7-74, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் போட்ட சேலை இரண்டு வீடு தள்ளி வேலியில். எடுத்து வந்து மறுபடி அலசினேன். இந்தத் தூத்துக்குடி உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைத்தால்தானே.

வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். மகளுக்கு ஆவணியில் கல்யாணம், வெள்ளையடிக்க வேண்டும், ஆடி முடிவதற்குள் காலி செய்து தரச் சொன்னார். நல்ல மனிதர். தரையைப் பார்த்தே சொன்னார்.

ஆடியில் யாரும் வாடகைக்கு விடமாட்டார்கள். மாதா கோயிலுக்குப் போகிற எங்களுக்கு ஆடி கிடையாது, விடுகிறவர்களுக்கு உண்டே! 17-ம் தேதி ஆடி பிறக்கிறது. அதற்குள் ஒரு சாவி.

என் கணவரிடம் சொன்னேன்: ஆற்றுப் பக்கம் போவோம். ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர், எங்காவது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளாகச் சொல்வதுதான். 'நெல் விளையும் விதம்' என்று முப்பத்தோரு வருஷம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். நாற்று, நடவு, களை, கதிர். வயலோரம் ஒரு நாள் குடியிருந்ததில்லை.

இவர் தோணித் தண்டல், தோணியை நடத்துகிறவர். பாய் விரித்துக் கொழும்புக்குப் போய் வந்தே ஆயுள் கழித்தவர். "ஏளா, வயக்காட்டுல போயி நான் என்னத்தப் பாக்க? தவளையவா?"

முடியாது என்று சொல்லவில்லை. அது போதும்.

10-7, புதன்

ஸ்ரீவை. போனோம். உடைமரம் முடிந்து வாழை தொடங்கும் இடத்தில் பஸ்ஸுக்குள்ளேயே குளிர்ச்சி. பார்த்தவை:

1. ஆற்றுக்குப் பக்கம். படி ஏணி மாதிரி. இவர் முட்டிக்கு ஆகாது.
2. கூரை முழுக்க வௌவால்.
3. கிணறு, முருங்கை, எலுமிச்சை, எல்லாம் உண்டு. சொந்தக்காரர் ஊர் கேட்டார், சொன்னோம். பேர் கேட்டார், சொன்னோம். "சொந்தக்காரங்களுக்குச் சொல்லி வச்சிருக்கு" என்றார். கதவு திறக்கும்போது இல்லாத சொந்தம்.

திரும்பும்போது இவர்: "நம்மள மீன்கூடையாட்டுல்லா பாத்தான்."

கால் வீக்கம். வெந்நீர் ஒத்தடம்.

13-7, சனி

ஆத்தூர்! வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே தெரு. ஓட்டு வீடு, இரண்டு அறை. பின்கதவைத் திறந்தால் கிணறு, காலி மாட்டுத் தொழுவம், அப்புறம் வாழை, அப்புறம் பச்சையாகக் கார் நெல். பின்வாசலிலேயே நின்றுவிட்டேன், உள்ளே திரும்பவே தோன்றவில்லை.

கைப்பையில் துவரம்பருப்பு கொண்டுபோயிருந்தேன். கிணற்று நீரில், சொந்தக்காரி வீட்டு அடுப்பில் வேகவைத்துப் பார்த்தேன். அரைமணியில் மலர்ந்துவிட்டது. தூத்துக்குடியில் ஆப்பசோடா போட்டாலும் ஒன்றரை மணி.

சொந்தக்காரி பிரமநாயகி அம்மாள். அடுத்த வீட்டில், மேற்குப் பக்கம், தனியாக இருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். சைவம்.

"டீச்சர், ஒங்களப் பிடிச்சிருக்கு. எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாது. மீனு ஆக்கிக்கிடுங்க, கண்டுக்கிட மாட்டேன். கருவாடு மட்டும் ஆகாது. என் மூக்க எங்கன கழத்தி வைக்க?"

இவர் உடனே எழுந்தார். "பஸ்ஸு மூணு மணிக்குத்தான?"

குற்றம் சொல்லமாட்டேன். உதாரணம்: இடது கைப் பழக்கமுள்ள பையனிடம் வலது கையால்தான் எழுத வேண்டும் என்றால் சிலேட்டையே தொடமாட்டான். இவருக்குக் கருவாடு அப்படி.

இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். "திங்கக்கெழமைக்குள்ள வாங்க. செவ்வா ஆகாது. அதுக்குப் பொறவு ஆடி. நான் சாவியத் தொடமாட்டேன்."

14-7, ஞாயிறு

பூசையில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. தொழுவம் கிழக்கு மூலையில். அந்த அம்மாள் வீடு மேற்கே. காற்று மேற்கிலிருந்து. அங்கே பொரித்தால் மணம் வாழைக்குத்தானே போகும்? வந்ததும் படம் போட்டு, காற்றுக்கு ஓர் அம்புக்குறியும் போட்டு இவரிடம் காட்டினேன். பொரித்தே காட்டுவோம் என்றேன்.

படத்தை வாங்கிப் பார்த்தார். "என்ன கருவாடு?"

"நெத்திலி."

"நெத்திலி என்ன மணக்கும்? அதக் காட்டிச் சாவிய வாங்கிட்டு, பொறவு திருக்கையப் பொரிச்சா அந்தம்மா சண்டைக்கு வரமாட்டா? திருக்கையவே எடு."

15-7, திங்கள்

முதல் பஸ். பையில் திருக்கைக் கருவாடு. பக்கத்து சீட் காலியாகவே வந்தது.

தொழுவத்தில் மூன்று செங்கல், ஒரு சட்டி. இவர் பொரித்தார். பிரமநாயகி அம்மாள் தன் வீட்டுப் பின்படியில் உட்கார்ந்துகொண்டார், சாட்சிக்கு எதிர்வீட்டுப் பெண். நானும் பக்கத்தில். புகை குனிந்து வாழைக்குள் ஓடியது. அம்மாள் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"வரலையே."

எதிர்வீட்டுப் பெண்: "எக்கா, பொரிக்காகளா, சும்மா சட்டியக் காட்டுதாகளா?" எழுந்து தொழுவத்துக்குப் போனவள் முந்தானையை மூக்கில் அமுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "யம்மாடி! பொரிக்காக, பொரிக்காக!" எல்லோரும் சிரித்தோம். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

"சரி டீச்சர். இப்ப மேகாத்து, மேக்கயிருந்து அடிக்கு. ஐப்பசில வடகெழக்கயிருந்து வாடைக்காத்து அடிக்குமே, அப்ப அம்புட்டும் எங்க வீட்டுக்குள்ளல்லா வரும்?"

வருஷத்துக்கு இரண்டு பருவக்காற்று என்று எத்தனை வகுப்புக்கு நடத்தியிருப்பேன்! என் படத்தில் ஒரே அம்பு.

இவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நான் பஸ் நேரம் கேட்பார் என்று நினைத்தேன்.

"ஐப்பசி கார்த்தியல்ல ஏதும்மா கருவாடு? மழையில எங்கன காயும்?"

"எடுத்து வச்சிருப்பீகளே."

"ஈரத்துல புழு வச்சிரும். வாடை தொடங்குனா பச்ச மீனுதான், தை வரைக்கும். காத்த நம்பிப் பொழச்சவம்மா நான். காத்து விசயத்துல பொய் சொல்லமாட்டேன்."

அம்மாள் அவரையே பார்த்தார். பிறகு உள்ளே போனார். திரும்பி வரும்போது தட்டில் வெற்றிலை, அதன்மேல் சாவி.

"வாடை தொடங்குன அன்னைக்கு நானே வந்து சட்டியப் பாப்பேன் அண்ணாச்சி."

"வாங்க, தாராளமா."

"பால் கொண்டாரேன். இன்னிக்கே காச்சிருங்க, ஆனி போயிரும். டீச்சர், அந்தத் தொழுவத்து அடுப்புல வேண்டாம்!"

அடுக்களையில் காய்ச்சினேன். கிழக்கே பொங்கி வழிந்தது. எதிர்வீட்டுப் பெண் குலவையிட்டாள். எங்களில் அந்த வழக்கம் இல்லை. அழுகை வந்தது.

மத்தியானம் இவரைக் காணோம். வயல் வரப்பில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. சும்மா விட்டேன்.

செய்ய வேண்டியது: வண்டி, கட்டில் கழற்ற ஆள், பங்குச்சாமியிடம் சொல்ல.

திரும்பும் பஸ்ஸில் ஒரு பெரியவர் இவரிடம் பேச்சுக் கொடுத்தார். "எந்தூரு அண்ணாச்சி?"

இவர் யோசிக்கவே இல்லை. "ஆத்தூரு."