வள்ளத்துக்கும் ஒரு பங்கு

என் அன்பான பிலோமினா அக்கா,

காய்ச்சலில் நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் ஐந்தாம் வகுப்பையும் என்னிடமே தந்துவிட்டார்கள். வகுப்பில் நீங்கள் இருந்து படிப்பித்த கதிரையை மட்டும் யாரையும் எடுக்க நான் விடவில்லை. அனலைதீவில் நாம் சேர்ந்து குடியிருந்த வாடகை அறை இப்போது எனக்குப் பெரிதாகிவிட்டது. பள்ளி விட்டால் ஏன் அங்கே போகவேண்டும் என்றிருக்கிறது.

வகுப்பில் நடந்த ஒரு புதினம் சொல்லத்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

நான் புளியங்கூடலிலிருந்து புதிதாக வந்தபோது, பாடம் முடிய விளங்கியதா என்று கேட்பேன். வகுப்பே ஒரே குரலில் ஓம் என்னும். பக்கத்து வகுப்பில் நின்ற நீங்கள் ஒருநாள் சிரித்தீர்கள்.

“கேட்டால் ஓமெண்டுதான் சொல்லுவினம். ஒரு கணக்கைக் குடுத்துச் சிலேற்றைத் தூக்கிக் காட்டச் சொல்லும். நாளைக்கு என்ன படிப்பிக்கிறதெண்டு அதைப் பாத்து முடிவெடும்.”

பிறகு பின்னேரங்களில் தேநீரோடு நாம் பேசியதெல்லாம் பிள்ளைகளின் பிழைகளைத்தானே.

போன கிழமை பின்னம் முடித்தேன். உடனே தசமம் தொடங்க வேண்டுமென்று தலைமையாசிரியர் நெருக்கினார். நாலு பேர் பிடித்த மீனைச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எவ்வளவு என்று கேட்டேன். சிலேற்றுகள் உயர்ந்தன. பாதிப் பேர் ஐந்தில் ஒன்று என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு மனம் விட்டுப்போயிற்று. உங்கள் பிள்ளைகளை நான் கெடுத்துவிட்டேனா? பின்னத்தை முதலிலிருந்து தொடங்குவதா, கண்ணை மூடிக்கொண்டு தசமத்துக்குப் போவதா? கேட்பதற்கு உங்கள் கதிரைப் பக்கம் திரும்பியும்விட்டேன்.

பிறகுதான் கவனித்தேன், அப்படி எழுதியவர்கள் எல்லாரும் கடற்தொழில் வீட்டுப் பிள்ளைகள். முன் வாங்கில் உட்கார்ந்திருந்த மேரியிடம் காரணம் கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பதுபோல் அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

“வள்ளத்துக்கும் ஒரு பங்கு இருக்கெல்லோ, ரீச்சர்.”

நாலு பேரோடு, கடலுக்குப் போன வள்ளத்துக்கும் ஒன்று எடுத்துவைத்தால் ஐந்து பங்குதானே! பின்னம் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது அக்கா. அடுத்த நாள் வள்ளத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் பங்கிட்டுப் பார்த்தோம். நாலில் ஒன்று என்று எழுதிய, தோட்டம் செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு மேரியே விளங்கப்படுத்தினாள். இன்று நிம்மதியாகத் தசமம் தொடங்கினேன். நாரந்தனையில் வள்ளம் வைத்திருந்த வீட்டில் பிறந்த நீங்கள் இதைக் கேட்டால் எப்படிச் சிரித்திருப்பீர்கள்!

மேரி சொன்ன அன்று, உங்களிடம் சொல்லவென்று அறைக்கு ஓடிவந்தேன். கதவைத் திறந்த பிறகுதான் நினைவு வந்தது. வாசலிலேயே இருந்து அழுதேன்.

இனி ஏன் என்று கேட்காமல் எந்தப் பிள்ளைக்கும் பிழை போடமாட்டேன். உங்கள் கதிரையும் அங்கேயே இருக்கும். வலை இழுக்காத வள்ளத்துக்கே ஒரு பங்கு உண்டென்றால், இந்த வகுப்பில் உங்களுக்கு இல்லையா?

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
ராணி