கதவு பூட்டேல்லை மோனை

கோல்வே, அயர்லாந்து
9 ஒக்டோபர் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்களுக்காக நேற்றும் பூசையில் மன்றாடினேன். நம்பமாட்டீர்கள், ஆனாலும் உண்மை. போனில் கதைத்தால் நீங்கள் அழுகிறீர்கள், நானும் அழுது வைத்துவிடுகிறேன். அதனால்தான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கடிதம் எழுதுகிறேன்.

என் முதலாளி லோர்கனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனுசன் இருபத்திரண்டு வயதில் அயர்லாந்திலிருந்து ரொறன்ரோ வந்து, பகலில் கூரை வேலை செய்து, பின்னேரங்களில் பார்களில் கிற்றாரோடு பாடியவர். சொந்தப் பாட்டுகளில் இரண்டு அல்பம் போட்டார். பிறகு தொண்டையில் ஒப்பரேசன். பத்து வருடம் மற்றவர்களின் அல்பங்களைத் தயாரித்துக் கொடுத்தே காலம் போனது. ஸ்காபரோ பேஸ்மென்ற் ஸ்ரூடியோவில் ஒலிப்பதிவுக்கு நான் சேர்ந்தது அப்போதுதான். இப்போது குரல் பாதி திரும்பியிருக்கிறது; என்னையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பிப் புது அல்பம் பதிகிறார். இந்த அல்பமும் சரிவராவிட்டால் பாட்டையே விட்டுவிடுவாராம்.

இந்த நாட்டுப் பாட்டுக்காரரிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. நாட்டுப்பாட்டு எதைப் பாடினாலும், யாரிடமிருந்து வந்தது என்று பெயர் சொல்லித்தான் பாடுவார்கள். இவர் அதில் சுவாமியாரை விடக் கண்டிப்பு. போன கிழமை ஒரு பழைய மன்னார்ப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். "இது ஆரின்ர பாட்டு?" என்றார். "ஒருத்தரின்ரயும் இல்லை, ஊர்ப்பாட்டு" என்றேன். மைக்குக்கு முன்னாலேயே அழுதுவிட்டார். அல்பத்தில் முதல்முறையாக என் பெயரும் தயாரிப்பாளர் என்று வரப்போகிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புத் தம்பி
வின்சன்ற்


மல்வேர்ன், ரொறன்ரோ
2 நவம்பர் 2022

என் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தயாரிப்பாளர் ஐயாவுக்கு என் வாழ்த்து. இன்று இறந்தோர் நினைவு நாள். சேமக்காலைக்குப் போய் என் றொய்சனுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். காற்றில் நிற்கவில்லை.

பிள்ளை போய் ஒன்பது மாதமாகிறது. அஜக்ஸில் அவன் வேலை முடியும் நேரம் வந்தால் எனக்கு இன்னும் கதவைப் பூட்ட மனம் வருவதில்லை. அன்று திறப்பை மறந்துவிட்டுப் போனான் என்றுதானே பூட்டாமல் படுத்தேன். 401 நெடுஞ்சாலையில் கார் பனியில் சறுக்கி லொறிக்குள் போய்விட்டான். விடியப் பொலிஸ்காரர் வந்துதான் தட்டினார்கள். முப்பத்தோராம் நாள் பூசையன்று அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதேன்: "பூட்டேல்லை மோனை, கதவு பூட்டேல்லை. பனி கொட்டுது மோனை, பாதை தெரியேல்லை." நீ அதைப் போனில் பதிந்தாய். எனக்குக் கோபமில்லை. இப்போதும் சமைக்கும்போது அதைத்தான் பாடுகிறேன், இரண்டு அடி கூட்டியும் விட்டேன். பாடுகிற நேரம் பிள்ளை வீட்டுக்குள் நிற்கிறான் போல இருக்கிறது. எனக்கு மிஞ்சியது அதுதான்.

அது என்ன மன்னார்ப் பாட்டு? எனக்குத் தெரியாத பாட்டை நீ எங்கே பிடித்தாய், கள்ளா? எழுது.

அக்கா
மக்டலீன்


கோல்வே
20 மே 2023

அன்புள்ள அக்கா,

ஆறு மாதமாக எழுதாததற்கு ஏசுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அல்பம் வந்துவிட்டது. அதில் ஒரு பாட்டு இங்கே எல்லாரையும் பிடித்துக்கொண்டது. பத்து வருடம் சனம் மறந்துவிட்டிருந்த மனுசனுக்கு இப்போது மண்டபங்கள் நிறைகின்றன, பெரிய பரிசொன்றுக்கும் பெயர் போயிருக்கிறது. "நீ கொண்டுவந்த பாட்டாலதான் நான் எழும்பினன்" என்று என்னைக் கட்டிப்பிடித்தார்.

நீங்கள் கேட்ட விஷயத்தை நேரில் ஆறுதலாகச் சொல்கிறேன், அது நீண்ட கதை. நவம்பரில் ரொறன்ரோவில் அவருடைய கச்சேரி இருக்கிறது.

தம்பி
வின்சன்ற்


மல்வேர்ன்
14 ஓகஸ்ட் 2023

வின்சன்ற்,

நீண்ட கதையை நான் இன்று வேலையிடத்து றேடியோவில் கேட்டேன். முதியோர் இல்லத்து லோன்றியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பாட்டொன்று போனது. நடுவில் ஒரு உடைந்த ஆண்குரல், "பூட்டேல்லை மோனை" என்றது. கூட வேலை செய்யும் பிலிப்பினோப் பிள்ளை சேர்ந்து பாடினாள். அவளுக்கு முழுதும் பாடம். பாட்டு முடிய அறிவிப்பாளன், பல நூறு வருடப் பழமையான தாலாட்டு என்றான்.

ஊர்ப்பாட்டா? எந்த ஊர்? மன்னாரில் எப்போது பனி கொட்டியது? ஒருத்தருடையதும் இல்லை என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? நான் செத்தா போய்விட்டேன்?

வீட்டுக்கு வந்து பாட வாய் திறந்தேன். அந்த மனுசனின் இழுவைதான் வருகிறது. சமைத்ததைக் கரிய விட்டுவிட்டு இருந்து பார்த்தேன். என்னுடையது வரவேயில்லை.

காசும் வேண்டாம், பெயரும் வேண்டாம். லோர்கனிடம் உண்மையைச் சொல். இனி அதைப் பாடவேண்டாம் என்று சொல். அதோடு நான் விட்டுவிடுகிறேன்.

அக்கா


கோல்வே
1 செப்ரெம்பர் 2023

அக்கா,

உங்கள் காலில் விழுகிறேன். உங்களுடையது என்று சொல்லியிருந்தால் அவர் உங்களிடம் கேட்டிருப்பார், நீங்கள் மாட்டேன் என்றிருப்பீர்கள். அது தெரிந்துதான் மறைத்தேன். நாற்பத்தொரு வயது வரை மற்றவர்களுக்கு வயர் சுற்றிக் கொடுத்தவன் நான். ஒருக்கால் என் பெயரையும் அச்சில் பார்க்க ஆசைப்பட்டேன்.

இப்போது சொன்னால் அவர் அன்றே நிறுத்திவிடுவார். சனம் வருவது அந்த ஒரு பாட்டுக்குத்தான். நவம்பர் கச்சேரி முடியட்டும். எனக்கு இங்கே வேலை, வர முடியாது. அவர் திரும்பி வந்ததும் என் வாயாலேயே சொல்கிறேன், சத்தியம். யோசித்துப் பாருங்கள், ஒரு விதத்தில் றொய்சனை உலகம் முழுக்க நினைக்கிறதுதானே?

தம்பி


மல்வேர்ன்
20 நவம்பர் 2023

வின்சன்றுக்கு,

லோர்கன் உனக்குப் போன் எடுத்திருப்பார். அவர் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி மண்டபத்துக்குப் போய்ப் பின்வாசலில் நின்றேன். உன் அக்கா என்றதும் கட்டிப்பிடித்தார். நல்ல மனுசன், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பாட்டு என்னுடையது, அழுதது என் பிள்ளைக்கு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கதிரையில் இருந்துவிட்டார். "நான் கேட்டனான். ஆரின்ரயெண்டு அவனைக் கேட்டனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு றொய்சனின் பெயரையும் வயதையும் கேட்டார். இனிப் பாடமாட்டேன் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

கச்சேரியைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி என்னை மண்டபத்துக்குள் அனுப்பினார். சொன்னபடி பாடவில்லை. முடிவில் சனம் விடாமல் அதைத்தான் கேட்டுக் கத்தியது. "அது என்ர இல்லை, ஒரு தாயின்ர அழுகை. மன்னியுங்கோ" என்று மைக்கில் சொன்னார். அவருடைய பணிவாக்கும் என்று நினைத்துக் கை தட்டினார்கள். பிறகு தாங்களே தொடங்கிவிட்டார்கள். எண்ணூறு பேர் இருக்கும். தோளில் கை போட்டு ஆடிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பூட்டேல்லை மோனை என்று பாடினார்கள். நிறுத்தச் சொல்லி அவர் கையை ஆட்ட, அவர்கள் இன்னும் பலமாகப் பாடினார்கள். கடைசியில் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். இனி மேடையே வேண்டாம் என்று பிறகு பின்வாசலில் என்னிடம் சொன்னார். அவருக்காகவும் மனம் நொந்தது.

உனக்குத்தான் இதை எழுதவேண்டும். அந்தச் சனத்துக்கு நடுவில் நின்று நானும் பாடினேன். என்னை அறியாமல், அவர்களுடைய மெட்டில், அவர்களுடைய வேகத்தில். பாடி முடித்துப் பார்த்தால் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மாசியில் பிள்ளையின் இரண்டாம் ஆண்டுப் பூசை. வராதே. சுவாமியார் மன்னிக்கச் சொல்வார், மன்னித்தும் விடுவேன். ஆனால் என் முகத்தில் நீ முழிக்கத் தேவையில்லை. பதில் எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

மக்டலீன்