புகைபோக்கியின் நிழல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா எழுதித் தந்தது இல்லை அம்மாடி, நானே எழுதுகிறேன், இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து இது மூன்றாம் நாள். வரி கோணலாகப் போனால் கண்டுகொள்ளாதே.

வேலை போதும், இரண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று நீ கேட்டதற்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் உண்டு. மில்லில் நிலக்கரி பாய்லரை நிறுத்திவிட்டார்கள், கூரை முழுக்க சோலார் தகடுதான். கரி அள்ளிப்போட்ட எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் தகடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம், தினமும் தகடுகளின் நிலவரத்தை நோட்டில் கைப்பட எழுத வேண்டும் என்று இன்ஜினியர் அம்மா சொன்னார். கண்ணாடி துடைக்கிற வேலையா என்று மற்றவர்கள் முகம் சுளிக்க, நான் கையைத் தூக்கிவிட்டேன். மீட்டர் பார்த்துப் பழகியதால் எண் தெரியும், எழுத்து தெரியாது என்பதை மென்று விழுங்கிவிட்டேன். அன்று மாலையே உன் அம்மா என்னை எழுத்துப் பழக உட்காரவைத்துவிட்டாள். வண்டி வண்டியா கரி அள்ளின கைக்கு ஒரு பென்சில் கனக்குதாக்கும் என்று தினம் நக்கல் வேறு.

முதல் நாள் பழக்கதோஷத்தில் விடிவதற்கு முன்பே போய் நின்றேன், பாய்லரை ஷிப்டுக்கு முன்னால் மூட்ட வேண்டுமே. வாட்ச்மேன் விழுந்து விழுந்து சிரித்தான், என்னண்ணே, சூரியனைப் பத்தவைக்க வந்தீங்களா என்றான். சிரிக்கட்டும். கண்ணாடி சூடேறும் முன் கழுவுவதுதான் நல்லது என்று இன்ஜினியர் அம்மாவே சொல்லிவிட்டார், இப்போது அதுதான் என் நேரம்.

மூன்றாம் மாதக் கடைசியில் வேலை போகப் பார்த்தது. ஏழாம் வரிசையில் கரண்ட் குறைகிறது, கிழவன் சரியாகத் துடைக்கவில்லை என்று மேனேஜர் குதித்தார். நான் நோட்டை நீட்டினேன். ஏழாம் வரிசை காலையில் சுறுசுறுப்பு, மூன்று மணிக்கு மேல் தூக்கம், புகைபோக்கி நிழல் விழுகிறது என்று இருபது நாளாக எழுதியிருந்தேன். இன்ஜினியர் அம்மா மூன்று மணிக்குக் கூரையேறிப் பார்த்தால், நிழல் சாவகாசமாகப் படுத்துக் கிடக்கிறது. முப்பது வருஷம் நான் தீனி போட்ட புகைபோக்கி என் வேலைக்கே உலைவைக்கப் பார்த்தது பார். அடுத்த வாரம் அதை இடிக்கிறார்கள், பாய்லர் அறைக் கூரையிலும் தகடு வருகிறது. பழைய ஆட்கள் நான்கு பேரையும் கூப்பிட்டாகிவிட்டது, இரண்டு பேர் என்னோடு, இரண்டு பேர் மில் முழுக்க மெஷின்களுக்குப் போகும் காற்றுக் குழாய் ஒழுகும் இடம் தேடி அடைத்துக் கரண்டை மிச்சம் பிடிக்க. அவர்களில் எந்நேரமும் கொட்டாவி விடுவானே ஒருவன், அந்தக் கொட்டாவிக்காரன், உன் கிறுக்கலாலதான்யா எங்க வீட்டு அடுப்பு எரியுது என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான், இன்னும் வலிக்கிறது.

எனக்கு நிரந்தரம் ஆகிவிட்டது. அதனால் ஒரேயடியாக அங்கே வர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் ஷிப்டில் பாய்லர் நெருப்பு அணையக்கூடாது என்று உன் கல்யாணத்துக்கே அரை நாள் மட்டும் வந்த மனுஷனுக்கு, இப்போது சம்பளத்தோடு பதினைந்து நாள் லீவு உண்டாம். நேற்று நானே எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், மகளைப் பார்க்க என்று போட்டேன். இன்ஜினியர் அம்மா உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். எந்தத் தேதி வரட்டும் என்று உடனே எழுது, கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா