யுவராணியின் சைக்கிள்

ஏங்க, திருச்சுழிக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன். கூழ் சட்டியில் இருக்கிறது. மோர்மிளகாய் வறுத்து மூடி வைத்திருக்கிறேன்.

மேலத்தெரு யுவராணி உங்களிடம் ரிப்பேருக்கு விட்ட சைக்கிளை எடுக்க இன்று வருவாள். அந்தப் பழைய வண்டிக்கு டைனமோ லைட்டு, முன்கூடை, சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்க வலை என்று எல்லாம் மாட்டிவிட்டீர்கள். என் வண்டிக்கு பிரேக் கட்டைகூட மாற்றவில்லை. "மச்சான், எனக்குன்னே செஞ்ச மாதிரில்ல இருக்கு" என்று அவள் சிரித்ததிலிருந்துதான் நான் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரியும் ஓடவில்லை.

காலையில் வயிற்றெரிச்சலோடு அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலும் அளவாகத் தரையில் ஊன்றின. அவள் என்னைவிட ஒரு சாண் உயரம். கைப்பழக்கத்தில் என் உயரத்துக்கே சீட்டை வைத்திருக்கிறீர்கள்.

அவள் வண்டிச் சாவி மீட்டர் பெட்டி மேல்.

அமுதவள்ளி

அவள் வருவதற்குள் சீட்டை ஏற்றிவிடுங்கள். என் அளவில் அவள் உட்கார வேண்டாம்.