ஓடிப்போகாத கொள்ளுத்தாத்தா

அன்புத் தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். கொள்ளுத்தாத்தா கடற்படையை விட்டு ஓடிப்போகவே இல்லையடா!

அவருடைய கப்பலில் உயிர்தப்பிய ஒருவரின் வாக்குமூலம் இன்று ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. கப்பல் மூழ்கும்போது, கொதிகலன் அறையில் சிக்கிய இருவரை மேலே ஏற்றிவிட்டு, மூன்றாமவனுக்காக மறுபடி இறங்கியிருக்கிறார். திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தது "காணவில்லை" என்ற ஒரு வரிதான். மிச்சத்தை ஊர் எழுதிக்கொண்டது.

நான் போட்ட கூச்சலில் அலுவலர் ஓடிவந்தார். "இங்க சத்தம் போடக் கூடாதும்மா!" விஷயம் தெரிந்ததும் அவரே இரண்டு தடவை வாசித்தார்.

அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். நீ கடற்படைப் பயிற்சியை விட்டு வந்த அன்று, "ஓடிப்போனவன் ரத்தம்தானே" என்றவர், நகலை வாங்கி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "நீ எழுதிடாதே. நானே அவன்கிட்ட சொல்றேன்" என்றார்.

ஆகவே நான் எழுதவில்லை. அப்பாவின் போன் வந்தால் மட்டும் எடுத்துவிடு.

உன் அக்கா